பி செக்‌ஷனின் பிராது

ஐந்து பேரையும் நான் அனுப்பவில்லை. இதோ எட்டாம் வகுப்பு பி செக்‌ஷன் வரிசையில், வராந்தாச் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், மத்தியானத்து முட்டை வாசனை இன்னும் கையில் இருக்கிறது, ஒருத்தி முழங்காலில் பேனாவால் பூப் போட்டுக்கொண்டிருக்கிறாள். காலையில் பிரேயர் முடிந்ததும் ஹெட்மாஸ்டர் நஞ்சப்பன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பி செக்‌ஷனில் நன்றாக வாயாடுகிற பிள்ளைகள் ஐந்து பேரை இன்றைக்கு லைப்ரரி அலமாரி துடைக்க அனுப்பிவிடுங்கள் என்றார். பெயரையும் அவரே சொன்னார். என் சர்வீஸில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் படிக்காத பிள்ளைகளை வீட்டில் நிறுத்தச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடக்கிற கூத்து, நானும் அதற்குத் தலையாட்டியிருக்கிறேன். படிக்கிற பிள்ளைகளை ஒளித்து வைக்கச் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன். சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை, சரிங்க சார் என்றேன். இந்தச் சரிங்க சாரை நான் சொல்ல வேண்டியதே இல்லை, என் வாய் தானாகச் சொல்லிவிடும், மனசு பின்னால் மெதுவாக வந்து சேரும். இன்றைக்கு மனசு வந்து சேர்ந்தபோது நான் வகுப்பு வாசலில் நின்றிருந்தேன், சாக்பீஸ் டப்பா கையில் இருந்தது, அந்த ஐந்து பேரும் மற்றவர்களோடு சேர்ந்து குட் மார்னிங் மிஸ் என்று இழுத்தார்கள். உட்காருங்கள் என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. அலமாரி பாட்டுக்குத் தூசியோடு கிடக்கட்டும், அதில் இருக்கிற புத்தகத்தை எடுக்க வருஷத்தில் யார் வருகிறார்கள்.

கதவு சாத்தியிருக்கிறது. பழைய சயின்ஸ் லேப் அது, இப்போது உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கிற இடம், நேற்றுத்தான் ஒட்டடை அடித்து ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டார்கள். உள்ளே ரூபிணி மேடம் இருக்கிறாள். மேஜை மேல் ஒரு படம் வைத்திருப்பாள், பக்கத்தில் போன் பதிவு செய்துகொண்டிருக்கும், பிள்ளை எதிரே உட்கார்ந்து படத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும். கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது, ஏனென்றால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி விசைத்தறிக் கூடங்கள், காலையிலிருந்து பொழுது சாயும்வரை தடதடவென்று ஒரே ஓட்டம், அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் எங்கள் எல்லோருக்கும் இந்தத் தொண்டை வந்தது. ரூபிணி நல்ல பெண். அதுதான் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். ஜூலை மாதம் முதல் தடவை ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது நெற்றியெல்லாம் வியர்வை, என்னை மேடம் என்றாள், நானும் அவளை மேடம் என்றேன், என் மகள் வயசு இருக்கும், அன்றிலிருந்து இரண்டு பேரும் மாற்றி மாற்றி மேடம் போட்டுக்கொள்கிறோம். கோயம்புத்தூரில் பிஎச்.டி. செய்கிறாள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று ஆராய்ச்சி. புது முறை ஒன்று வைத்திருக்கிறாள், படக் கார்டு, பாட்டு, குழுவாக உட்கார்ந்து விளையாட்டு, நடுவில் ஒரு சின்ன மணி. ஒரு செக்‌ஷனுக்கு அந்த முறையில் நடத்துவாளாம், இன்னொரு செக்‌ஷனுக்கு நடத்த மாட்டாளாம், ஆரம்பத்தில் ஒரு பரீட்சை, கடைசியில் ஒரு பரீட்சை, இன்றைக்கு நடக்கிறதே அதுதான், எது எவ்வளவு வளர்ந்தது என்று பார்த்தால் முறை நல்லதா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். எந்த செக்‌ஷனுக்கு என்று யாரும் வருத்தப்படக் கூடாது என்பதற்காக ஹெட்மாஸ்டர் ரூமில் காசு சுண்டினார்கள். தலை விழுந்தது. ஏ செக்‌ஷன். அவர்களுடைய ஆங்கில டீச்சர் ஜெசிந்தா அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். அப்போ நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். “நீங்க எதுவும் பண்ண வேண்டாம் மேடம். எப்பவும் போல நடத்துங்க. வழக்கமான முறைதான் எங்களுக்கு வேணும்” என்றாள் ரூபிணி, சிரித்துக்கொண்டே, என் கையைக்கூடத் தொட்டாள்.

வழக்கமான முறை. இந்த வார்த்தை முள் மாதிரி அங்கேயே நிற்கிறது, எத்தனை மாதம் ஆயிற்று, விரல் தானாக அங்கே போய்த் தடவிப் பார்க்கிறது. வழக்கம் என்றால் என்ன என்று அவளுக்கு எப்படித் தெரியும். என் வகுப்பில் ஒரு பீரியட் உட்கார்ந்திருக்கிறாளா. ஒரு பீரியட். டிசம்பரில் அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு காரில் வந்தபோது, ஸ்டாஃப் ரூமில் நான் இருக்கும்போதே, பி செக்‌ஷனில் பழைய முறை, பாடத்தை வாசித்துத் தமிழில் அர்த்தம் சொல்லிக் கேள்வி பதிலை மனப்பாடம் பண்ண வைப்பது என்று விளக்கினாள். அந்த மனுஷர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பரிதாபமாக, மழையில் நனைகிற மாட்டைப் பார்க்கிற மாதிரி. நான் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தேன். சரி, சொல்லியிருக்கலாம் இல்லையா. எங்கள் வகுப்பில் அது நடப்பதில்லை மேடம், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் வந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை. வாய் திறக்கவில்லை. சரிங்க சார் தானாக வருகிற வாய்க்கு இது மட்டும் ஏன் வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். வந்து பார் என்றால் வருவாள், கடைசி பெஞ்சில் போனோடு உட்காருவாள், அப்புறம் என் ஆங்கிலத்தைக் கேட்பாள். நான் தமிழ் மீடியத்தில் படித்து, காலேஜில் முதல் வருஷம் முழுக்க ஊமையாக இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் பேசிப் பழகினவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் எழுந்து பதில் சொன்னேன், மேடையில் இருந்த அதிகாரி நான் சொன்ன விதத்திலேயே அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார், ஹால் முழுக்கச் சிரித்தது, எனக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கப்புறம் பெரியவர்கள் யாரிடமும் நான் ஆங்கிலம் பேசியதில்லை. பிள்ளைகளிடம் மட்டும்தான். பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள், அவர்களுக்கும் என்னுடையதுதான், அதே தறிச் சத்தத்துக்குள் வளர்ந்த ஆங்கிலம்.

ஹரீஷ் வெளியே வருகிறான். சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு வருகிறான், நன்றாகச் செய்தானா சொதப்பினானா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே என்ன கேட்டார்கள் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்று ரூபிணி கட்டளை, அதனால் நேராக வேப்ப மரத்தடிக்குப் போய் முடித்தவர்களோடு உட்கார்ந்துகொள்கிறான். அடுத்த பெயரைக் கூப்பிடுகிறாள். என் பிள்ளைகளுக்குப் படம் பார்த்துப் பேசத் தெரியுமா. இதுதான் ராத்திரியெல்லாம். படத்தில் என்ன இருக்கும், பூங்கா இருக்கும், பலூன் விற்பவன், ஐஸ்கிரீம், ஒரு நாய், தொப்பி போட்ட குழந்தைகள், எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். சந்தோஷத்தைப் பற்றிப் பேச என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததே இல்லையே. அவர்களுக்குத் தெரிந்தது பிராது. அதுவும் நான் யோசித்துக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை, தலைவலியில் வந்தது. ஒருநாள், வெகு காலம் முன்னால், டீச்சர் இவன் என் ஸ்கேலை எடுத்துட்டான், டீச்சர் இவ என்னைக் கிள்ளறா, டீச்சர் அவன் எங்கப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடறான் என்று காதைப் பிய்த்தபோது, இனி எவனாவது பிராது சொல்வதானால் இங்கிலீஷில் சொல், இல்லையென்றால் வாயை மூடு என்றேன். மூடுவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன். மூடவில்லை. முதலில் ஒருவன் எழுந்தான், அவனுக்கு அழுகை, கோபம், கையில் பல் பட்ட தடம், ஆங்கிலத்தில் மூன்று வார்த்தை தெரியும், அந்த மூன்றையும் வரிசை இல்லாமல் எடுத்து வீசினான். வகுப்பே புரிந்துகொண்டது. பக்கத்தில் இருந்தவனிடம் கடித்தான் என்பதற்கு என்னடா என்று தமிழில் கேட்டு வாங்கி இன்னொரு தடவை வீசினான். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் அரிசி களைந்துகொண்டே யோசித்தேன், கோபம் வந்தால் மொழி வருகிறது, பூனை பாய்மேல் இருக்கிறது என்று வருஷம் முழுக்கச் சொல்ல வைத்தாலும் வராதது, ஒரு கடிக்கு வந்துவிட்டது.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் பிராது. சட்டம் எல்லாம் பிள்ளைகளே போட்டது. பிராது சொல்பவர் எழுந்து, ஐ ஹேவ் எ கம்ப்ளெயின்ட் என்று ஆரம்பிக்க வேண்டும். உடனே வகுப்பு முழுக்கச் சேர்ந்து அகெய்ன்ஸ்ட் ஹூம் என்று கேட்கும், யார் மேல் என்று. பெயரைச் சொன்னதும் அந்த ஆள், யாராக இருந்தாலும், எழுந்து நின்று ஆங்கிலத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வரும்வரை சொன்னவரும் உட்காரக் கூடாது, யார் மேல் சொன்னாரோ அவரும் உட்காரக் கூடாது. என் மேலும் வந்திருக்கிறது, தலைவலி என்று பாடம் நடத்தாமல் இருந்ததற்கு, பெண் பிள்ளைகளையே தண்ணீர் எடுத்து வரச் சொல்வதற்கு. எழுந்து நின்று பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை என்னிடம் பதில் இல்லை, மணி அடிக்கும்வரை நின்றேன். இதைத்தான் ரூபிணி வழக்கமான முறை என்கிறாள். ஆமாம், எனக்கு வழக்கம்தான். நீ எப்பவும் போல நடத்து என்றாய், நான் எப்பவும் போலத்தான் நடத்தினேன், ஒரு வெள்ளிக்கிழமைகூட விடவில்லை, இதில் என் தப்பு என்ன இருக்கிறது. நல்லது, வாதத்தில் ஜெயித்துவிட்டேன், என் மண்டைக்குள் நான் எப்போதும் ஜெயிக்கிறேன். ஆனால் உள்ளே வைத்திருப்பது படம். ஒருவேளை அவள் சொல்வதுதான் சரியோ. கார்டும் பாட்டும் மணியும் நிஜமாகவே நல்லதோ, நான்தான் வீம்புக்கு ஒரு சண்டைக்காரக் கும்பலை வளர்த்து வைத்திருக்கிறேனோ. ஏ செக்‌ஷனைக் காலையில் பார்த்தேன், பரீட்சை முடிந்து பாடிக்கொண்டே போனார்கள். ஏ வளர்ந்து பி வளரவில்லை என்று வந்தால் ஜூனிலிருந்து இரண்டு செக்‌ஷனுக்கும் கார்டுதான், வெள்ளிக்கிழமைப் பீரியடும் அதற்குத்தான் போகும், ஹெட்மாஸ்டர் சொல்லியாயிற்று. ஏ ஜெயித்தால் ரூபிணியின் காலேஜ்காரர்கள் பள்ளிக்கூடத்தைத் தத்தெடுத்து, ஹெட்போன் வைத்த ரூம் ஒன்று கட்டிக் கொடுப்பார்கள், அவருக்கு ரிட்டையர் ஆவதற்குள் அதில் பெயர்ப் பலகை வேண்டும். அதெல்லாம் போகட்டும், ரூமும் வேண்டாம் பலகையும் வேண்டாம். என் பிள்ளைகள் ஒரு தடித்த புத்தகத்தில், வளராதவர்கள் என்று அச்சாகி, கோயம்புத்தூரில் ஏதோ ஒரு அலமாரியில் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பார்கள்.

வரிசை குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் பவதாரிணி. எப்போதும் கடைசியில்தான் உட்காருவாள், யாராவது அவளுக்குப் பின்னால் வந்தால் எழுந்து மறுபடி கடைசிக்குப் போய்விடுவாள். இந்த வருஷம் முழுக்க ஒரு பிராதுகூடச் சொல்லாதவள் இவள் ஒருத்திதான். அகெய்ன்ஸ்ட் ஹூம் என்று வகுப்பு கத்தும்போது இவள் உதடும் அசையும், சத்தம் வருகிறதா என்று எனக்குத் தெரியாது. ஹெட்மாஸ்டர் காலையில் பெயர் சொல்லும்போது, அந்தப் பவதாரிணி இருக்கட்டும், அது நமக்கு நல்லதுதான் என்றார். நமக்கு நல்லதுதான். வாயே திறக்காத பிள்ளை இவருக்கு நல்லது. அவளுக்குப் பிராது இல்லாமல் இல்லை. அவள் அம்மா பேறுகாலத்தில் வந்த ரத்தப்போக்கில் போய்விட்டாள், அப்பா லாரியில் எந்த ஊரிலோ, இவள் பெரியப்பா வீட்டில் இருக்கிறாள். பெரியப்பா மகள் தன்யஸ்ரீ, அதே எட்டாம் வகுப்பு, ஏ செக்‌ஷன். ஒரே ரூமில் ஒரே பாயில் இரண்டு பேரும் தூங்குகிறார்கள். தீபாவளிக்கு முன்னால் பெரியம்மா வந்து சொன்னாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், எங்க தன்யா கார்டையெல்லாம் தலைகாணிக்கு அடியில வச்சுத்தானுங்க தூங்கறா, பவதாரிணிக்குக் காட்டக் கூடாதுன்னு மிஸ் சொல்லிப்போட்டாங்களாமா. எனக்குப் புரியவில்லை. ஜெசிந்தாவிடம் கேட்டேன். ஆமாம், அப்படித்தான் என்றாள். ஏ செக்‌ஷன் பிள்ளைகள் கார்டை, பாட்டை, எதையும் பி செக்‌ஷனுக்குக் காட்டக் கூடாது, சொல்லிக் கொடுக்கவும் கூடாது, கலந்துவிட்டால் ஆராய்ச்சி கெட்டுவிடும், ரூபிணி மேடம் பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்றாள். கலந்துவிட்டால். ஒரே பாயில் தூங்குகிற பிள்ளைகளைக் கலக்காமல் வைப்பது எப்படி என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அன்றைக்கே பவதாரிணியைக் கூப்பிட்டுக் கேட்டேன், உனக்குக் கார்டு பார்க்க ஆசையா என்று. இல்லீங் மிஸ் என்றாள். ரொம்ப வேகமாகச் சொன்னாள். பார்க்காமலே அவளுக்கு எல்லாக் கார்டும் தெரியும் என்று எனக்குப் பட்டது, ராத்திரி அக்கா தூக்கத்தில் திரும்பிப் படுக்கும்போது தலையணை நகராதா.

செருப்புச் சத்தம். நஞ்சப்பன் சார் வராந்தா முனையில் திரும்பி வருகிறார், பிள்ளைகள் காலை மடக்கிக்கொள்கிறார்கள். மரத்தடியைப் பார்க்கிறார், அந்த ஐந்தில் அங்கே மூன்று பேர், வரிசையைப் பார்க்கிறார், இங்கே இரண்டு பேர், கூட்டிப் பார்த்துவிட்டார், உதட்டிலேயே தெரிகிறது. எழுந்திருக்க வேண்டும், அவர் வந்தால் எழுந்திருப்பதுதான் முறை, எழுந்திருக்கிறேன். அலமாரி அப்படியே கிடக்கிறதே டீச்சர் என்கிறார், குரல் ஏறவில்லை, அவருக்கு ஏறவே ஏறாது. கிடக்கட்டுங்க சார் என்கிறேன். இதை யார் சொன்னது, நானா. அவரும் யார் சொன்னது என்பது போலத்தான் பார்க்கிறார். “நான் யாருக்காகச் சொன்னனுங்க? எனக்கா? அந்த ரூம் வந்தா உங்க பிள்ளைகளும்தானுங்க உக்காந்து படிக்கும்.” அது உண்மைதான். கெட்ட மனுஷர் இல்லை, மழை பெய்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒழுகுகிற இடத்துக்கு முதலில் ஓடுவது அவர்தான். அதனால்தான் இத்தனை வருஷம் சரிங்க சார், சரிங்க சார். “ரூமு வரட்டுங்க சார். இதுகளை ஒளிச்சு வச்சுத்தான் வரணும்னா எனக்கு வேண்டாமுங்க.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்புறம் உங்க இஷ்டமுங்க என்றார். அவர் வாயில் உங்க இஷ்டம் வந்தால் அடுத்த வருஷம் டைம்டேபிளில் தெரியும், ஆறாம் வகுப்பு, மூன்றாவது மாடி, பிற்பகல் முழுக்க. இருக்கட்டும். அவர் போகவில்லை, தூணில் சாய்ந்து நிற்கிறார், கூட்டிப் பார்த்தது சரிதானா என்று பார்க்கிற மாதிரி. நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் நிற்கும்போது நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

ஐந்தாவது பிள்ளையும் வெளியே வந்தாயிற்று. பவதாரிணி, என்று உள்ளேயிருந்து குரல். அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு போகிறாள், கதவு மூடிக்கொள்கிறது. ஊமையாக உட்காரப் போகிறாள். அந்தப் போன் அவள் மூச்சை மட்டும் பதிவு செய்துகொண்டிருக்கும், ரூபிணி நல்லவள், பென்சிலைத் தட்டிக்கொண்டே பொறுமையாகக் காத்திருப்பாள், அப்புறம் பூஜ்யம் போடுவாள், அதையும் மெதுவாகத்தான் போடுவாள். காலேஜ் முதல் வருஷத்தில் எனக்கும் ஒருத்தர் இப்படித்தான் மெதுவாகப் போட்டார். போய்க் கதவைத் திறந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் என்ன. சே, வேண்டாம், அப்புறம் எனக்கும் ஹெட்மாஸ்டருக்கும் என்ன வித்தியாசம், அவர் வாயாடிகளை ஒளிப்பார், நான் ஊமையை ஒளிப்பேன். இருக்கட்டும், அவளும் இருக்கட்டும், பி செக்‌ஷன் என்றால் அவளும்தான். இதை நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. தறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, ஒரு தடவை இழுத்துக்கொண்டு, நின்றன. இந்த ஊரில் அந்த அமைதி வந்தால் எல்லோரும் ஒரு கணம் செய்கிற வேலையை நிறுத்திவிடுவோம், நாய்கூடத் தலையைத் தூக்கும். மரத்தடியில் பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். உள்ளே ஃபேன் நின்றிருக்கும், வேகிற அறை அது, ரூபிணி வந்து கதவை அகலத் திறந்து, செங்கல் வைத்துவிட்டுப் போய் மறுபடி உட்கார்ந்தாள். இப்போது எல்லாம் தெரிகிறது, மேஜை, படம், போனில் ஒரு சிவப்புப் புள்ளி, பவதாரிணியின் பின்னந்தலை, ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருக்கிற ரிப்பன். டெல் மீ எனிதிங், என்கிறாள் ரூபிணி, எதுவானாலும் சொல் என்று, எத்தனையாவது தடவையோ. எனிதிங் யூ லைக். பவதாரிணி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறாள். போகப் போகிறாள், முடிந்தது, என்று நினைக்கிறேன். ஆனால் அவள் கையைக் கட்டிக்கொண்டு நேராக நிற்கிறாள், வெள்ளிக்கிழமை பிராது சொல்பவர்கள் நிற்கிற மாதிரி. “ஐ ஹேவ் எ கம்ப்ளெயின்ட்” என்றாள்.

“அகெய்ன்ஸ்ட் ஹூம்?” மரத்தடியிலிருந்து வந்தது, பி செக்‌ஷன் முழுக்க, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது, நடுவில் என் குரலும் இருந்ததா, இருந்தது. நஞ்சப்பன் சார் தூணைவிட்டு நிமிர்ந்தார். பவதாரிணி திரும்பிப் பார்க்கவில்லை. “அகெய்ன்ஸ்ட் யூ, மேடம்” என்றாள். அப்புறம் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள், நடுவில் நின்று நின்று, தப்பும் தவறுமாக, அடுத்த வார்த்தை வரும்வரை கையை இறுக்கிக்கொண்டு, ஆனால் ஒன்றைக்கூடத் தமிழில் கடன் வாங்கவில்லை. நீங்கள் ஏ செக்‌ஷனுக்குக் கார்டு கொடுத்தீர்கள். எங்களுக்குக் கொடுக்கவில்லை. அது பரவாயில்லை. என் அக்காவிடம் எனக்குக் காட்டாதே என்று சொன்னீர்கள். அவள் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். முன்பெல்லாம் அவள் எதையும் என்னிடம் ஒளித்ததில்லை. கடைசியில் மூச்சை வாங்கிக்கொண்டு, “வொய், மேடம்?” என்றாள். தறிச் சத்தம் இல்லாததால் அது வராந்தா முனைவரை கேட்டது. ரூபிணி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. தமிழில், அது வேற விஷயம்மா, இப்ப நீ படத்தைப் பாரு கண்ணு என்றாள். என்னைப் பார்த்தாள், உதவி கேட்கிற பார்வை, மேடம் நீங்க சொல்லுங்க என்கிற பார்வை. அப்புறம் அவள் விரல் போனை நோக்கி, அந்தச் சிவப்புப் புள்ளியை நோக்கிப் போயிற்று. நான் எப்போது எழுந்தேன், எப்போது வாசலுக்கு வந்தேன் என்று தெரியவில்லை, செங்கல் கால் விரலில் இடித்தது, வலித்தது. அந்தப் பயிற்சிக் கூட்டத்து ஹால் மறுபடி முழுக்கச் சிரித்தது, முன்வரிசை திரும்பிப் பார்த்தது, அந்த அதிகாரி மேடையில் வாயைக் கோணிக்கொண்டு என்னை மாதிரிப் பேசினார். பேசட்டும். இதுவும் அந்தப் போனில் பதிவாகட்டும், கோயம்புத்தூரில் யார் யார் கேட்க வேண்டுமோ கேட்டுக்கொள்ளட்டும், இந்தச் சாந்தாமணி டீச்சர் ஆங்கிலம் இப்படித்தான் இருக்கும். “டோன்ட் ஸ்டாப் இட்” என்றேன். விரல் நின்றது. பின்னால் நஞ்சப்பன் சார் டீச்சர் டீச்சர் என்கிறார், அந்தச் சத்தம் எனக்கு எங்கேயோ பக்கத்து ஊரில் கேட்கிறது. “ஷி ஆஸ்க்ட் யூ எ கொஸ்டின். ஆன்சர் ஹர், மேடம். இன் இங்கிலீஷ்.” யாரும் சிரிக்கவில்லை. ரூபிணி என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், ஒரு நாய் இருந்தது அதில், நான் நினைத்தது சரிதான், பலூனும் இருந்தது. பிறகு அந்தச் சின்னப் பெண்ணின் கட்டிய கையைப் பார்த்தாள், கழுத்தில் வியர்வை வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். எங்கள் சட்டம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பவதாரிணியும் உட்காரவில்லை, பதில் வரும்வரை அவள் உட்கார மாட்டாள்.